ஐரோப்பா போய் வந்தவர்கள் ஏன் ஆளுக்கொன்று சொல்கிறார்கள்?

சேலத்திலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். வரும் மே மாதம் மகளின் பள்ளி விடுமுறையில் குடும்பத்தோடு முதன்முறையாக ஐரோப்பா போகிறார்கள். கணவன், மனைவி, 10 வயது மகள், கணவருடைய அப்பா (67), அம்மா (63) என ஐந்து பேர். அம்மாவுக்கு மூட்டுவலி உண்டு, சுத்த சைவம். கையில் 15 நாள். சித்தப்பா மகன் பேக்கேஜில் 7 நாடு பார்த்துவிட்டு வந்து அதுதான் சரி என்கிறார். அலுவலக நண்பர் இரண்டு நாட்டுக்கு மேல் தொடாதீர்கள் என்கிறார். ஒருவருக்கு வெனிஸ் சொர்க்கம், இன்னொருவருக்கு நாற்றம். சுவிட்சர்லாந்து பார்க்காமல் ஐரோப்பாவா என்று ஒரு பக்கம், அங்கே போய்ப் பணத்தைக் கரைக்காதீர்கள் என்று இன்னொரு பக்கம். யாரை நம்புவது என்பதுதான் கேள்வி.

எல்லோரையும் நம்பலாம். ஆனால் அவர்கள் சொல்வதை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். நான் 2013-லிருந்து ஆறு முறை போய் வந்திருக்கிறேன். முதல் முறை பேக்கேஜில், ஒரு முறை என் அம்மாவை அழைத்துக்கொண்டு, மற்றதெல்லாம் மனைவியோடும் தனியாகவும். சொந்தக்காரர்கள், நண்பர்கள் என்று பல குடும்பங்களுக்குத் திட்டம் போட்டுக் கொடுத்து, அவர்கள் திரும்பி வந்தபின் உட்கார்ந்து கதை கேட்டிருக்கிறேன். அதில் எனக்குத் தெளிவானது இதுதான். எத்தனை நாடு, எந்த ஊர் அழகு, கொடுத்த காசுக்குத் தகுமா என்று கருத்து மாறும் இடங்களிலெல்லாம், பேசுபவர் தன்னைப் பற்றித்தான் பேசுகிறார்: தன் வயது, தன் முழங்கால், தன் பணப்பை, தான் போய் இறங்கிய நேரம். லக்கேஜ், முன்பதிவு, விசா, பிக்பாக்கெட் என்று எல்லோரும் ஒரே குரலில் பேசும் இடங்களில், அந்த ஊர்கள் எப்படி இயங்குகின்றன என்பதைச் சொல்கிறார்கள். முதல் வகையைக் கேட்டால், "நீங்கள் யாரோடு போனீர்கள், எத்தனை மணிக்குப் போனீர்கள்?" என்று திருப்பிக் கேளுங்கள். இரண்டாம் வகையை யோசிக்காமல் அப்படியே செய்துவிடுங்கள்.

முதலில் பெரிய சண்டை: எத்தனை நாடு.

உங்கள் சித்தப்பா மகன் பொய் சொல்லவில்லை. 11 இரவில் 7 நாடு பார்க்க முடியும், நானே பார்த்திருக்கிறேன். எப்படி என்பதை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். ஐரோப்பிய ஒன்றியச் சட்டப்படி ஒரு பஸ் டிரைவர் நான்கரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிடம் ஓய்வெடுத்தே ஆக வேண்டும், ஒரு நாளைக்கு 9 மணி நேரம்தான் ஓட்டலாம் (வாரத்தில் இரண்டு நாள் மட்டும் 10). பேக்கேஜின் நேர அட்டவணை முழுவதும் இந்தச் சட்டத்தைச் சுற்றித்தான் அமைகிறது. அதனால்தான் காலை ஏழரைக்கே பெட்டியோடு கீழே நிற்கச் சொல்கிறார்கள், நடுவழியில் பெட்ரோல் பங்க் கடையில் 45 நிமிடம் நிறுத்துகிறார்கள். பெரிய பஸ்கள் பழைய நகரங்களுக்குள் சுலபமாக நுழைய முடியாது. அதனால் ஹோட்டல் பெரும்பாலும் ஊருக்கு வெளியே. வெனிஸ் என்று எழுதியிருக்கும், தூங்குவது வெனிஸுக்கு வெளியே நிலப்பகுதியில் இருக்கும் மெஸ்த்ரேயில். மாலையில் ஒரு தெருவில் சும்மா நடந்துவிட்டு வரலாம் என்றால் முடியாது.

அதே சமயம் பேக்கேஜ் கொடுக்கும் ஒன்றை நாமாகப் போகும்போது எளிதில் கொடுக்க முடியாது: பெரியவர்களுக்கு நிம்மதி. ராத்திரி சாதம், பருப்பு, ரொட்டி. பெட்டியைத் தூக்கிக்கொண்டு ரயில் மாற வேண்டியதில்லை. கூடவே பேசச் சம வயதுக்காரர்கள் இருப்பார்கள். என் பேக்கேஜில் வந்த காரைக்குடித் தம்பதி ஒருவர், 70 தாண்டியவர்கள், இன்றைக்கும் அந்தப் பயணத்தைத் தங்கள் வாழ்க்கையின் நல்ல நாட்களாகச் சொல்கிறார்கள். அவர்களிடம் போய் நீங்கள் எதையும் சரியாகப் பார்க்கவில்லை என்று சொல்ல எனக்கு எந்த உரிமையும் கிடையாது.

ஆனால் சொந்தமாகத் திட்டம் போடும்போது பேக்கேஜ் கணக்கை எடுத்துக்கொண்டு வராதீர்கள். இங்கேதான் பலர் தவறுகிறார்கள். ஊர் மாறும் ஒவ்வொரு நாளும் பாதி நாள் போய்விடும். காலை பத்து, பதினொன்றுக்கு அறையைக் காலி செய்ய வேண்டும், அடுத்த ஊரில் மூன்று மணிக்குத்தான் அறை கிடைக்கும், நடுவில் ரயில். பாரிஸிலிருந்து ஜூரிச் 4 மணி நேரம், ஆம்ஸ்டர்டாம் 3 மணி 20 நிமிடம், வியன்னாவிலிருந்து பிராக் 4 மணி நேரம். தாள் மேலே எல்லாம் பக்கத்தில் இருப்பது போலத்தான் தெரியும். 15 நாளில் விமானத்துக்கு இரண்டு போக 13. அதில் ஆறு முறை ஊர் மாறினால் மூன்று முழு நாள் பெட்டி கட்டுவதிலேயே கழியும். மூட்டுவலி உள்ள அம்மாவுக்கு அந்த மூன்று நாள்தான் மிகக் கடினமான நாட்கள். தனியாகப் போகும் 25 வயதுப் பையனுக்கு இது ஒரு பொருட்டே இல்லை, ரயிலில் தூங்கி எழுந்து போய்க்கொண்டே இருப்பான். அவன் ஆறு நாடு என்பதும் சரி, உங்கள் நண்பர் இரண்டு என்பதும் சரி. உங்கள் ஐந்து பேருக்கு நான் சொல்வது மூன்று நாடு, நான்கு ஊர். விவரம் கடைசியில் தருகிறேன்.

லண்டனையும் சேர்க்கலாமா என்று கேட்பீர்கள், எல்லோரும் கேட்கிறார்கள். ஒரே விசாவில் போய்வரும் ஐரோப்பிய நாடுகளின் கூட்டமான ஷெங்கன் பகுதியில் பிரிட்டன் இல்லை. தனி விசா, தனிக் கட்டணம், தனி அப்பாயின்ட்மென்ட். இந்த முறை விட்டுவிடுங்கள்.

அடுத்து வெனிஸ். இதுபோல மனிதர்களைப் பிரிக்கும் ஊரை நான் பார்த்ததில்லை. பிடிக்கவில்லை என்று சொன்ன பத்துப் பதினைந்து பேரிடம் எத்தனை மணிக்குப் போனீர்கள் என்று கேட்டிருக்கிறேன். ஏறக்குறைய எல்லோருமே காலை பத்து, பதினொன்றுக்கு இறங்கி மாலை நான்கு, ஐந்துக்குக் கிளம்பியவர்கள். பிடித்தது என்றவர்கள் எல்லோரும் ஒரு இரவாவது உள்ளே தங்கியவர்கள். நகராட்சியே இதைச் சொல்லாமல் சொல்கிறது. 2024 ஏப்ரல் 25 முதல், நெரிசலான சில நாட்களில் பகலில் மட்டும் வந்து போகிறவர்களிடம் நுழைவுக் கட்டணம் வாங்கத் தொடங்கினார்கள். 2025-இல் முன்கூட்டியே பதிந்தால் 5 யூரோ, கடைசி நேரத்தில் 10. அந்தக் கட்டணம் காலை 8.30 முதல் மாலை 4 வரைக்கும்தான். அந்த நேரத்தில் சான் மார்கோ சதுக்கம் திருவிழாக் கூட்டமாக இருக்கும். வெயில் ஏறி நீர் வற்றினால் சில சிறு கால்வாய்களில் வாடை வரும், அதுவும் உண்மை. ஆனால் இரவு ஒன்பது மணிக்குக் கூட்டம் கரைந்து, தண்ணீர் படிக்கட்டில் மோதும் ஓசை மட்டும் கேட்கும்போது அது வேறு ஊர். 1951-இல் 1,75,000 பேர் வாழ்ந்த பழைய நகரத்தில் இப்போது 50,000 பேர்கூட இல்லை. அதனால் அந்த அமைதியில் ஒரு வருத்தமும் கலந்திருக்கிறது. இருந்தும் எனக்கு அதை விட மனமில்லை.

உங்கள் அம்மாவுக்கு அங்கே ஒரு சிக்கல் உண்டு. 400-க்கும் மேற்பட்ட பாலங்கள், பெரும்பாலும் படிக்கட்டோடு. அதனால் அறை தேடும்போது அழகைப் பார்க்காதீர்கள், படகுத்துறையிலிருந்து பாலம் ஏறாமல் போக முடியுமா என்று விடுதியில் எழுதிக் கேளுங்கள். ஒன்றாம் எண் வாப்போரெட்டோ படகு ரயில் நிலையத்திலிருந்து பெருங்கால்வாய் வழியாகச் சான் மார்கோ வரை முக்கால் மணி நேரம் மெதுவாகப் போகும். அதில் முன்பக்கம் உட்கார இடம் கிடைத்தால், அம்மா ஒரு படி ஏறாமல் வெனிஸின் முக்கால்வாசியைப் பார்த்துவிடலாம். ஒரு சீட்டு 9.50 யூரோ, 75 நிமிடம் செல்லும். கோண்டோலாவுக்குக் கொடுக்கும் பணத்தை மிச்சம் பிடித்து ஐந்து பேருக்கும் ஒரு நாள் பாஸ் வாங்கிவிடுங்கள்.

பாரிஸும் இப்படித்தான். மரியாதை தெரியாதவர்கள் என்று ஒரு கட்சி, அவ்வளவு அன்பானவர்கள் என்று இன்னொரு கட்சி. இங்கே வேறுபாடு ஒரே ஒரு சொல்லில் இருக்கிறது: போன்ஜூர். கடைக்குள் நுழைந்தால், பஸ்ஸில் ஏறினால், யாரிடமாவது வழி கேட்டால், முதலில் அதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றது பேச வேண்டும். நாம் இங்கே கடைக்காரரிடம் "அண்ணே, இது எவ்வளவு?" என்கிறோம். அந்த "அண்ணே"யிலேயே வணக்கமும் உறவும் அடங்கிவிடுகிறது. ஆங்கிலத்தில் நேராக "ஹவ் மச்" என்று கேட்கும்போது அந்த "அண்ணே" காணாமல் போய்விடுகிறது. பிரெஞ்சுக்காரர் காதில் அது அதட்டலாக விழுகிறது. அதன்பின் அவர் காட்டும் முகத்தைத்தான் நாம் திமிர் என்று ஊருக்கு வந்து சொல்கிறோம். என் அம்மா முதல் நாளிலேயே இதைக் கற்றுக்கொண்டு, ரொட்டிக்கடையில் பெரிய குரலில் போன்ஜூர் சொல்லி, அந்தப் பெண்ணிடம் ஒரு சிரிப்பும் வாங்கிக்கொண்டு வந்தார். உங்கள் மகளுக்குச் சொல்லிக் கொடுங்கள், அவள் எல்லோருக்கும் முன்னால் சொல்லட்டும்.

பாரிஸ் மெட்ரோ பற்றியும் இரண்டு பேச்சு கேட்பீர்கள். வேகம், வசதி என்பவர்கள் இளைஞர்கள். படிக்கட்டு தாங்க முடியவில்லை என்பவர்கள் பெரியவர்களோடு போனவர்கள். இரண்டாவது கட்சியில் நீங்கள் இருக்கிறீர்கள். மிகப் பெரும்பாலான பழைய நிலையங்களில் லிஃப்ட் கிடையாது. நகர பஸ்கள் தாழ்தளம், ஏறுவது எளிது, வழியெல்லாம் ஊரையும் பார்க்கலாம். நேரம் கூடுதலானாலும் பஸ்ஸிலேயே போங்கள்.

இப்போது சுவிட்சர்லாந்து. இங்கே நான் ஒரு பக்கம் சாய்கிறேன்: போங்கள். ஆனால் எல்லோரும் போகும் இடத்துக்கே போக வேண்டும் என்பதில்லை. பணம் கரைந்தது என்று சொல்கிறவர்களின் கணக்கைப் பிரித்துப் பார்த்தால் பாதிக்கு மேல் ஒரே நாளில் போயிருக்கும்: யுங்ஃப்ராவ்யோக். 1912-இல் திறந்த ரயில், 3,454 மீட்டர் உயரம், பொறியியலாக அது ஓர் அதிசயம்தான். ஆனால் இன்டர்லாக்கனிலிருந்து போய்வர ஒருவருக்கு 200 பிராங்குக்கு மேல் ஆகும். மேகம் மூடினால் வெள்ளைச் சுவரைப் பார்த்துவிட்டு இறங்க வேண்டியதுதான். வெறுத்தவர்களில் பலர் அப்படி ஒரு நாளில் போனவர்கள். மலை உச்சிகளில் எல்லாம் நேரடிக் கேமரா வைத்திருக்கிறார்கள், காலையில் போனிலேயே பார்த்து முடிவு செய்யலாம். பேக்கேஜில் அந்த வசதி இல்லை, தேதி முன்பே குறித்தது. உங்கள் அப்பாவுக்கு இதயக் கோளாறோ ரத்த அழுத்தமோ இருந்தால், அந்த உயரத்துக்குப் போகலாமா என்று மருத்துவரிடம் கேட்காமல் போகாதீர்கள்.

உங்கள் குடும்பத்துக்கு நான் சொல்வது ஏரிக்கரை ஊரான லுசேர்ன். அங்கே ஸ்விஸ் டிராவல் பாஸ் எடுத்தால் ரயில், பஸ், ஏரிப் படகு எல்லாம் அடக்கம். பெற்றோரில் ஒருவரிடம் பாஸ் இருந்தால் 6 முதல் 15 வயதுவரை உள்ள பிள்ளைக்கு ஃபேமிலி கார்டு இலவசம், அதைக் கேட்டு வாங்க வேண்டும். உங்கள் மகளுக்கு ஒரு காசு ஆகாது. லுசேர்னிலிருந்து படகில் ஒரு மணி நேரம் போனால் விட்ஸ்னாவ், அங்கிருந்து பல்சக்கர ரயிலில் ரீகி மலை. 1871-இல் ஓடத் தொடங்கிய, ஐரோப்பாவின் முதல் பல்சக்கர மலை ரயில் இதுதான். நம் ஊட்டி ரயிலில் போனவர்களுக்கு நடுத்தண்டவாளத்துப் பற்களைப் பார்த்தவுடன் புரிந்துவிடும். 1,798 மீட்டர்தான், அதனால் பெரியவர்களுக்கு மூச்சு முட்டாது. பாஸிலேயே அடக்கம் என்பதால் மேகம் மூடினாலும் நஷ்டமில்லை, மறுநாள் திரும்பப் போகலாம். என் அம்மாவும் நானும் அந்தப் படகில் இரண்டு நாள் போய்வந்தோம். இரண்டாம் நாள் அவர் மலைக்கு வரவே இல்லை. வெகிஸ் துறையில் ஒரு பெஞ்சில் தண்ணீரைப் பார்த்தபடி மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தார். இப்போதும் ஐரோப்பா என்றால் அவர் பேசுவது அந்தப் பெஞ்சைப் பற்றித்தான்.

மகளுக்குப் பனி வேண்டும் என்றால் டிட்லிஸ் இருக்கிறது. லுசேர்னிலிருந்து முக்கால் மணி நேர ரயிலில் எங்கெல்பெர்க், அங்கிருந்து கேபிள் கார், பாஸ் உள்ளவர்களுக்குப் பாதி விலை. 3,000 மீட்டர் என்பதால் அப்பாவுக்கான எச்சரிக்கை இங்கேயும் பொருந்தும். வானம் தெளிவான ஒரு நாளில் மகளும் நீங்களும் மட்டும் போய்விட்டு வாருங்கள், பெரியவர்கள் ஏரிக்கரையில் இருக்கட்டும். ஐந்து பேரும் எல்லா இடத்துக்கும் சேர்ந்தே போக வேண்டும் என்ற பிடிவாதத்தை விட்டாலே பாதிச் செலவும் முக்கால்வாசிச் சண்டையும் குறையும். சாப்பாட்டு விலைதான் அங்கே உண்மையில் மிரட்டும். சமையலறையோடு அறை எடுத்து, கோப், மிக்ரோஸ் கடைகளில் அரிசி, தயிர், காய்கறி வாங்கிச் சமைத்தால் சமாளிக்கலாம்.

பல நாட்டு ரயில்களுக்கும் சேர்த்து எடுக்கும் யூரெய்ல் பாஸ் வேண்டுமா, தனித்தனி டிக்கெட்டா என்ற விவாதத்தை நீட்ட விரும்பவில்லை. பிரான்சிலும் இத்தாலியிலும் அதிவேக ரயிலில் பாஸ் வைத்திருந்தாலும் தனியாகக் காசு கட்டி இருக்கை பதிய வேண்டும். ஜெர்மனியில் வேண்டியதில்லை. நாள், நேரம் குறித்துக்கொண்டு போகிற குடும்பத்துக்கு, சில மாதம் முன்பே எடுக்கும் தனி டிக்கெட்தான் மலிவு. நீங்கள் சுவிட்சர்லாந்தில் மட்டும் பாஸ் எடுங்கள், மற்றதற்கு டிக்கெட்.

மே மாதம் பற்றிக் கவலைப்படாதீர்கள். ஜூலை, ஆகஸ்டைவிட எவ்வளவோ மேல். நம் ஊர்க்காரர்களுக்கு வெயில் பழக்கம்தானே என்று சிலர் சொல்வார்கள். 2019 ஜூலை 25 அன்று பாரிஸில் 42.6 டிகிரி. பழைய கட்டிடங்களில் மின்விசிறிகூட இருக்காது. மே மாதத்தில் வெளிச்சம் ராத்திரி ஒன்பது மணிவரை இருக்கும், பெரியவர்கள் மதியம் தூங்கி எழுந்து மாலையில் நடக்கலாம். ஒன்று மட்டும்: மே 1 அன்று பாரிஸின் லூவர் அருங்காட்சியகம் உட்படப் பல இடங்கள் மூடியிருக்கும், அன்றைக்கு எதையும் வைக்காதீர்கள்.

சரி, இனி எல்லோரும் ஒத்துப்போகும் விஷயங்கள். இவற்றில் யாரிடமும் இரண்டாவது கருத்துக் கேட்டு நேரம் வீணாக்க வேண்டாம்.

விசா முதல். ஷெங்கனில் இப்போது 29 நாடுகள், ஒரே விசா. எந்த நாட்டில் அதிக இரவு தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம் விண்ணப்பிக்க வேண்டும். எல்லாம் சமம் என்றால் முதலில் நுழையும் நாட்டிடம். எளிதாகக் கிடைக்கிறது என்று யாரோ சொன்ன நாட்டில் போட்டுவிட்டு வேறு நாட்டில் நாட்களைக் கழிப்பது வேண்டாம். 6 மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ, 6 முதல் 11 வயதுப் பிள்ளைக்கு 45. குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு கட்டாயம். திரும்பும் தேதியிலிருந்து 3 மாதமாவது பாஸ்போர்ட் செல்லுபடியாக வேண்டும். ரத்து செய்யக்கூடிய ஹோட்டல் பதிவாகவே போடுங்கள். 2025 அக்டோபரிலிருந்து எல்லையில் கைரேகையும் படமும் எடுத்துப் பதிகிறார்கள், இறங்கியதும் வரிசைக்குக் கூடுதல் நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.

முன்பதிவு அடுத்தது. ஈஃபில் கோபுர லிஃப்ட் டிக்கெட் 60 நாள் முன்பே திறக்கும். ரோமில் கொலோசியம் 30 நாள் முன்பு திறக்கும், ஆளுக்கு ஆள் பெயர் போட்டுத்தான் டிக்கெட். அங்கேயே போய் வாங்கிக்கொள்ளலாம் என்று சொல்கிறவர் பத்து வருஷத்துக்கு முன் போனவராக இருப்பார். லூவர் செவ்வாய் விடுமுறை, பாரிஸின் இன்னொரு அருங்காட்சியகமான ஓர்சே திங்கள், வாத்திகன் அருங்காட்சியகம் மாதத்தின் கடைசி ஞாயிறு தவிர மற்ற ஞாயிறுகளில் விடுமுறை. லூவரில் 2026 ஜனவரி முதல் நம்மைப் போல ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து வருபவர்களுக்கு 32 யூரோ, 18 வயதுக்குக் கீழே இலவசம். அதுவே நோத்ர் தாம் தேவாலயம், 2019 தீ விபத்துக்குப் பிறகு 2024 டிசம்பரில் மறுபடி திறந்தது, நுழைவு இலவசம். ஒரு அருங்காட்சியகத்துக்கு மேல் அப்பா, அம்மாவை இழுக்காதீர்கள்.

லக்கேஜ். இன்னும் கொஞ்சம் கொண்டுவந்திருக்கலாம் என்று சொன்ன ஒருவரைக்கூட நான் சந்தித்ததில்லை. அங்கே நம் ஊர் போலப் போர்ட்டர் எளிதில் கிடைக்க மாட்டார். ரயில் பெட்டிக்கு ஏற இரண்டு மூன்று படி, தெருவெல்லாம் கருங்கல், பல விடுதிகளில் லிஃப்ட் ஒரு ஆள் நிற்கும் அளவு. ஒருவருக்கு ஒரு பெட்டி, தனியாகத் தூக்க முடிந்த எடை. அம்மாவின் பெட்டியை நீங்கள்தான் தூக்கப் போகிறீர்கள் என்று நினைத்துக்கொண்டு கட்டுங்கள். இதில் சாப்பாட்டுப் பைக்கு ஒரு எச்சரிக்கை: வெளிநாட்டிலிருந்து பாலில் செய்ததும் இறைச்சியும் கொண்டுவர ஐரோப்பிய ஒன்றியம் அனுமதிப்பதில்லை. நெய், பால்கோவா, மைசூர்பாகு வேண்டாம். பச்சைக் கறிவேப்பிலைக்கும் தாவரச் சான்றிதழ் கேட்பார்கள். பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல், எண்ணெயில் செய்த முறுக்கு போதும்.

பிக்பாக்கெட் பற்றியும் எல்லோரும் ஒரே குரல்தான், அதை மிகைப்படுத்தல் என்று தள்ளாதீர்கள். பாரிஸ் மெட்ரோ, ரோமில் தெர்மினி நிலையம், வாத்திகன் போகும் 64-ஆம் எண் பஸ் எல்லாம் இதற்குப் பேர்போனவை. கையெழுத்துப் போடச் சொல்லி அட்டையை நீட்டுவார்கள், மணிக்கட்டில் கயிறு கட்ட வருவார்கள். நிற்காமல் நடந்துவிடுங்கள். கத்தியைக் காட்டி மிரட்டுவது அரிது, அசந்த நேரத்தில் எடுப்பதுதான் வழக்கம். பை குறுக்காக, முன்பக்கம். பின் பாக்கெட்டில் போன் வேண்டாம். அம்மா தாலிச் சங்கிலியை உள்ளே போட்டுக்கொள்ளட்டும், மற்ற நகையை வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள்.

ஏடிஎம்மிலோ கடையிலோ ரூபாயில் கட்டவா, யூரோவில் கட்டவா என்று திரையில் கேட்கும். எப்போதும் அந்த ஊர்ப் பணத்தையே தேர்ந்தெடுங்கள், ரூபாயைத் தொட்டால் மாற்று விகிதத்தில் நஷ்டம். தண்ணீர் பாட்டில் வாங்கத் தேவையில்லை, நீங்கள் போகும் மூன்று நாட்டிலும் குழாய் நீர் குடிக்கலாம். ரோமில் தெருவுக்குத் தெரு இரும்புக் குழாய்கள் ஓடிக்கொண்டே இருக்கும். கழிப்பறைக்கு ஒரு யூரோவரை கேட்பார்கள், சில்லறை வைத்திருங்கள். தண்ணீர் வசதி இல்லையே என்ற கவலை அம்மாவுக்கு இருந்தால், இத்தாலி வந்ததும் தீரும். அங்கே வீட்டுக் குளியலறையில் கழுவும் தொட்டி இருக்க வேண்டும் என்று 1975-இலிருந்தே விதி உண்டு, விடுதிகளிலும் பெரும்பாலும் இருக்கும். மற்ற இடங்களுக்கு ஒரு சிறு மக் எடுத்துக்கொள்ளுங்கள்.

சைவச் சாப்பாட்டில் கருத்து ரொம்ப மாறும், ஏனென்றால் சைவம் என்பதே ஆளுக்கு ஆள் மாறுகிறது. இத்தாலியில் சைவம் சுலபம் என்பது சரிதான். ஆனால் பார்மசான் சீஸ் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும், பாலைத் திரிக்கும் ரென்னெட் கொண்டு செய்வது, பிரெஞ்சு வெங்காய சூப் வழக்கமாக மாட்டு எலும்புச் சாற்றில் கொதிப்பது. அம்மாவுக்கு அது முக்கியம் என்றால் சீஸ் இல்லாத தக்காளி பாஸ்தா, மரினாரா பிட்சா, கொண்டைக்கடலை வடை போன்ற ஃபலாஃபெல். பாரிஸில் அந்தக் கவலையே வேண்டாம். கார் டு நோர் ரயில் நிலையத்திலிருந்து நடக்கும் தூரத்தில் லா ஷப்பேல். ஈழத் தமிழர்கள் உருவாக்கிய கடைத்தெரு, தமிழ்ப் பெயர்ப்பலகை, இட்லி, தோசை, மாணிக்க விநாயகர் கோயில். அந்தப் பக்கமாக அறை எடுத்தால் காலைச் சாப்பாட்டுக்கு அம்மா தானே போய்த் தமிழில் பேசி வாங்கி வந்துவிடுவார். தெரு இரைச்சலாக இருக்கும், அழகான பாரிஸ் அது இல்லை என்று சிலர் சொல்வார்கள். உங்களுக்கு அழகைவிட அந்த இட்லி முக்கியம்.

என் திட்டம் இது. பாரிஸில் இறங்கி ரோமிலிருந்து திரும்புங்கள், வந்த வழியே திரும்பிப் போகும் ஒரு நாள் மிச்சம். பாரிஸ் 4 இரவு. பாசெல் வழியாக லுசேர்னுக்கு ஏறக்குறைய நாலரை மணி நேரம், அங்கே 4 இரவு. மிலான் வழியாக வெனிஸ், ஆறு மணி நேரம் ஆகும். நடுவில் 57 கிலோமீட்டர் கோட்ஹார்ட் சுரங்கத்தில் ரயில் நுழைந்து வெளியே வருவதற்குள் அந்தப் பக்கம் இத்தாலி மொழி பேசும் ஊராகிவிடும், மகளிடம் முன்பே சொல்லி வையுங்கள். வெனிஸ் 2 இரவு, பிறகு 4 மணி நேர ரயிலில் ரோம், 3 இரவு. இத்தாலியில்தான் அதிக இரவு, எனவே இத்தாலி விசா. இத்தாலியில் ரயில் வேலைநிறுத்தம் வந்தால் முன்கூட்டியே அறிவித்துவிடுவார்கள், பயணத்துக்கு ஒரு வாரம் முன் தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

விசா அப்பாயின்ட்மென்ட்டை இந்த வாரமே பாருங்கள். விடுமுறை மாதத்துக்குக் கூட்டம் அதிகம். அப்புறம், அப்பாவுக்கும் அம்மாவுக்கும் நடக்கும் ஷூ இப்போதே வாங்கி, தினமும் சாயங்காலம் அதைப் போட்டுக்கொண்டு அரை மணி நேரம் நடக்கச் சொல்லுங்கள். கிளம்பும் வாரத்தில் வாங்கிய ஷூ வேண்டாம்.